ஓட்டு ஒன்று, முடிவு இரண்டு: எக்ஸெல் பயிற்சி
அதே ஓட்டுகளை வேறு விதமாக எண்ணினால் வெற்றி பெறுபவர் மாறுவாரா? எக்ஸெல்லில் செய்து பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு நெட்டு வரிசையில் 9 பேரின் முதல் விருப்பத்தை டைப் செய்யுங்கள். அருண் 4, பாலு 3, சித்ரா 2. கவுன்ட்இஃப் பங்ஷன் மூலம் எண்ணினால் அருணுக்கு வெற்றி. ஆனால் 5 பேர் அவருக்கு ஓட்டளிக்கவில்லையே!

அந்த வரிசையை அருகில் காப்பி செய்யுங்கள். கடைசியில் உள்ள சித்ராவை நீக்கி, அந்த இருவரின் இரண்டாம் விருப்பமான பாலுவின் பெயரைத் தாருங்கள். மீண்டும் எண்ணுங்கள். பாலு 5, அருண் 4!

நமது மக்களவைத் தேர்தல் முதல் வகை; குடியரசுத் தலைவர் தேர்தல் இரண்டாம் வகை. 1969ல் முதல் எண்ணிக்கையில் 4,01,515 மதிப்பு பெற்று முன்னணியில் இருந்தும் வி.வி.கிரி பாதியைத் தாண்டவில்லை. மாற்று விருப்ப ஓட்டுகள் சேர்ந்து 4,20,077 ஆன பிறகே வென்றார்.

ஓட்டு இயந்திரம் சரியாக எண்ணினால் மட்டும் போதாது. எந்த விதிப்படி எண்ணுகிறோம் என்பதையும் கவனியுங்கள்.