ஒரு சொட்டுக் கூலண்ட்: கசிவைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

கார் கடனுக்கான தவணையை மாதந்தோறும் தவறாமல் செலுத்தும் பலரும், அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்க்க மாதம் ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. நாங்களும் அவ்வாறே இருந்தோம். ஒரு கோடையில் மும்பையிலிருந்து புணே செல்லும் வழியில், கண்டாலா மலையேற்றத்தில் எங்கள் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அதற்கு முந்தைய இரு வாரங்களாகக் கூலண்ட் குறைந்துவந்ததைக் கண்டும், குழாய்நீரை ஊற்றியே சமாளித்திருந்தோம். கசிந்தது ஒரு ரப்பர் ஹோஸ். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, சிலிண்டர் ஹெட் வெப்பத்தால் வளைந்துபோனதால் ஐந்திலக்கச் செலவாயிற்று. வண்டி பட்டறையில் நின்ற நாள்களிலும் தவணை நிற்கவில்லை. அன்று கற்ற பாடத்தை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கூலண்ட் ஏன் தேவை?

எஞ்சின் சீராக இயங்க ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ். வெறும் நீர் 100 டிகிரியில் கொதித்துவிடும்; லே போன்ற உயரமான ஊர்களில் அதற்கும் முன்பே கொதிக்கும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி சேர்ந்த கலவையோ 100 டிகிரியைத் தாண்டிய பின்னரே கொதிக்கும். குளிரில் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உள்ளே துருப்பிடிப்பதையும் அது தடுக்கும். ரேடியேட்டர் மூடி தாங்கி நிற்கும் அழுத்தம் கொதிநிலையை மேலும் உயர்த்துகிறது. ஆகவே மூடியின் ரப்பர் தளர்ந்தாலே போதும். எங்கும் விரிசல் இல்லாமலேயே கூலண்ட் கொதித்து வெளியேறிவிடும்.

கசிவைக் கண்டறியும் முறை

முதலில், சொட்டுவது எது என்று அறிய வேண்டும். காரை நிறுத்துமிடத்தில் இரவு ஓர் அட்டையை விரித்து வையுங்கள். நிறமும் மணமும் அற்ற நீர் எனில் அது ஏசியிலிருந்து வடிவது, கவலை வேண்டா. வழவழப்பாகக் கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறத்துடன், பிசுபிசுப்பும் இனிய மணமும் கொண்டிருந்தால் கூலண்ட். இது நஞ்சு, இனிப்புச் சுவையால் நாய், பூனைகள் நக்கிவிடக் கூடும். உடனே கழுவிவிடுவதும் குழந்தைகளை அண்டவிடாதிருப்பதும் அவசியம்.

இரண்டாவது, எஞ்சின் முழுமையாக ஆறிய காலைப் பொழுதில் ரிசர்வ் தொட்டியின் அளவைப் பாருங்கள். இரு கோடுகளுக்கு இடையே அது இருக்க வேண்டும். இன்றைய அளவைப் பேனாவால் குறித்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, இடத்தைத் தேடுங்கள். ஹோஸ் இணைப்புகளில் வெள்ளையாகவோ நிறமாகவோ உலர்ந்த படிவு, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்துடன் சேரும் விளிம்பில் ஈரம், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் கசிவுத்தடம் ஆகியவை முக்கியத் தடயங்கள். முன்னிருக்கைக் கால்விரிப்பு நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனிப்படலம் படிந்தால் ஹீட்டரின் உட்பகுதி கசிகிறது எனலாம். வெளியே எங்கும் ஈரமின்றி அளவு மட்டும் குறைந்து, புகைக்குழாயில் இனிய மணமுள்ள வெண்புகை நில்லாது வந்தாலோ, ஆயில் பால்போலக் கலங்கியிருந்தாலோ ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

கண்ணுக்கு அகப்படாத கசிவுக்குப் பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியில் குறித்துள்ள அளவுக்குக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. மூடியையும் தனியே சோதிக்க வேண்டும்.

சரிசெய்தல்

தளர்ந்த கிளாம்பை இறுக்கலாம். வெடித்த, உப்பிய ஹோஸை மாற்றியே ஆக வேண்டும். கசியும் வாட்டர் பம்பும் அவ்வாறே. ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டும் பழைய வழக்கம் ஊர் சேரும் வரை உதவலாம். ஆயினும் அத்தூள் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கசிவு அடைக்கும் கடைச்சரக்குகளுக்கும் இது பொருந்தும்.

பழுது நீக்கியபின், கையேடு கூறும் வகைக் கூலண்டையே நிரப்புங்கள். நிறத்தை மட்டும் நம்பி இரு வகைகளைக் கலக்க வேண்டா. நீர் சேர்க்க வேண்டியிருப்பின் காய்ச்சி வடித்த நீரே உகந்தது. உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றிய பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

வழியில் முள் ஏறினால்

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடான மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். பீறிடும் நீராவி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமேனும் காத்திருந்து, மூடி தொட்டால் சுடாத நிலை வந்தபின்னரே நீர் ஊற்றுங்கள். உயர்ந்திருந்த முள் திடீரெனக் கீழே இறங்கினாலும் மகிழ வேண்டா. கூலண்ட் முற்றிலும் வடிந்து, உணரி வெறுங்காற்றில் நின்றாலும் அவ்வாறு காட்டும்.

காப்பீடு எதைத் தாங்கும்?

வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்தை ஏற்கும்; தேய்மானத்தையும் இயந்திரக் கோளாற்றையும் ஏற்காது. விபத்தில் ரேடியேட்டர் உடைந்தபின், பழுது நீக்காமல் வண்டியை ஓட்டி எஞ்சின் கெட்டால், அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளரையே சாரும். எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதல் காப்பு எடுத்திருப்பவர்களும் அதன் நிபந்தனைகளை ஒருமுறை வாசித்து வைப்பது நலம்.

மாதம் ஒருமுறை, கணக்கு அறிக்கையைப் பார்க்கும் நாளிலேயே கூலண்ட் அளவையும் பார்க்கும் வழக்கத்தை நாங்கள் மேற்கொண்டுள்ளோம். சேமிப்பில் சிறு கசிவைப் பொறுக்காத நாம், எஞ்சினிலும் அதைப் பொறுக்கலாகாது.