கண்டல் மரமும் காபன் கணக்கும்

யாழ்ப்பாணத்தில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எம்மில் பலர் வன்னிப் பக்கம்தான் கை காட்டுவோம். குடாநாட்டில் பனையும் தோட்டமும் வயலும் உண்டு, காடு இல்லை என்பதே எமது பொதுவான எண்ணம். ஆனால் பண்ணை வீதியால் மண்டைதீவுக்குப் போகும்போதும், அராலிக் கரையிலும், சரசாலைக் குருவிக்காட்டிலும் உப்பு நீரில் வேரூன்றி நிற்கும் பச்சைப் பற்றைகளை நாம் காண்கிறோம். அவை பற்றைகள் அல்ல, கண்டற் காடுகள். குடாநாட்டின் இயற்கையான காடுகளில் அவை முக்கியமானவை.

இந்தக் காட்டை நாம் இதுவரை விறகாகவும் வேலிக் கம்பாகவும் கண்டோம். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காதபோது விறகே எமது அடுப்பை எரித்தது. அன்று வெட்டியவரை இன்று குறை சொல்வதற்கில்லை. ஆனால் இப்போது உலக நாடுகள் கூடிப் பேசும் காலநிலைக் கொள்கையில் இந்தச் சேற்று மரத்துக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அது என்ன இடம், அதனால் எமது கரையோர மக்களுக்கு வரக்கூடிய நன்மை என்ன, தீமை என்ன என்பதை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

மரம் காபனை எப்படிச் சேர்க்கிறது?

இலை, காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை உள்ளெடுத்துச் சூரிய ஒளியின் உதவியால் உணவு தயாரிக்கிறது. ஒட்சிசன் வெளியேறுகிறது, காபன் மரத்தில் தங்குகிறது. தண்டு, கிளை, வேர் எல்லாம் இப்படிச் சேர்ந்த காபன்தான். உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன் என்று கொள்ளலாம். ஆய்வாளர்கள் வழக்கமாக 47 வீதம் என்று கணக்கிடுவர். மரம் எரிந்தாலும் உக்கினாலும் அந்தக் காபன் திரும்பவும் காபனீரொட்சைட்டாகக் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ காபன் ஏறத்தாழ 3.67 கிலோ காபனீரொட்சைட்டாக மாறும். ஆகவே 100 கிலோ உலர்ந்த விறகில் 47 கிலோ காபன் உண்டு. அது எரியும்போது ஏறத்தாழ 172 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும்.

இது எல்லா மரத்துக்கும் பொதுவான கணக்கு. கண்டலின் சிறப்பு மரத்தில் இல்லை, அதன் காலடியில் இருக்கிறது.

சேற்றின் கணக்கு

தரைக் காட்டில் விழுந்த இலை சில மாதங்களில் உக்கிப் போகிறது. கண்டற் காட்டில் விழுந்த இலையும் செத்த வேரும் நீர் தேங்கிய சேற்றுக்குள் புதைகின்றன. அங்கே ஒட்சிசன் மிகக் குறைவு. அதனால் உக்குதல் மிக மெதுவாகவே நடக்கிறது. மழை நீரும் கடல் நீரும் கொண்டுவரும் வண்டலை வேர்கள் தடுத்து நிறுத்துகின்றன. இப்படி ஆண்டுக்காண்டு படிந்து, நூற்றுக்கணக்கான ஆண்டுகளின் காபன் சேற்றுக்குள் சேமிப்பாகக் கிடக்கிறது.

இந்து, பசுபிக் சமுத்திரப் பகுதிகளில் 25 இடங்களில் செய்யப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, கண்டற் காட்டில் ஒரு ஹெக்டயருக்குச் சராசரியாக 1,023 தொன் காபன் இருப்பதாகக் கண்டது. அதில் 49 முதல் 98 வீதம் வரை மண்ணில்தான் இருந்தது. வறண்ட காலநிலையில் குட்டையாக வளரும் எமது வெண்கண்டலுக்கு அந்த அளவு இராது. எனினும் பங்கீடு அதே மாதிரிதான்: கண்ணுக்குத் தெரியும் மரம் சிறு பங்கு, தெரியாத சேறு பெரும் பங்கு.

பாடசாலை மாணவர் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கைத் தருகிறோம். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழமுள்ள சேற்றை உலர்த்தினால் 800 கிலோ வருகிறது என்றும், அதில் 2 வீதம் காபன் என்றும் வைத்துக்கொள்வோம். காபன் 16 கிலோ. ஒரு ஹெக்டயர் என்பது 10,000 சதுர மீற்றர். ஆகவே ஒரு ஹெக்டயரில் 160 தொன் காபன். காபனீரொட்சைட்டாக மாற்றினால் ஏறத்தாழ 587 தொன். சேற்றைத் தோண்டி வெளியே போட்டால், அல்லது நீரை வடியவிட்டுக் காயவிட்டால், காற்றுப் பட்டு இதில் பெரும் பங்கு வெளியேறத் தொடங்கும். நூற்றாண்டுகளில் சேர்ந்தது சில ஆண்டுகளில் போய்விடும். பக்கத்தில் நூறு கன்று நட்டு அதை ஈடுசெய்ய முடியாது.

உலகக் கொள்கை நடந்து வந்த பாதை

1992 இல் ரியோ மாநாட்டில் காலநிலை மாற்றம் பற்றிய உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. 1997 இல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. அதன் கீழ், பணக்கார நாடொன்று வறிய நாட்டில் மரம் நட்டு, அந்த அளவைத் தன் கணக்கில் வரவு வைக்க வழி இருந்தது. ஆனால் புதிதாக நட்ட காட்டுக்கே வரவு கிடைத்தது. ஏற்கெனவே நிற்கும் காட்டைக் காப்பாற்றியவருக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் குறை 2007 இல் பாலி மாநாட்டில் பேசப்பட்டது. காடழிப்பைத் தடுக்கும் நாடுகளுக்கு உதவி வழங்கும் 'ரெட்' என்ற திட்டம் அதன் பின் வளர்ந்தது. இலங்கையிலும் 2013 முதல் 2017 வரை ஐக்கிய நாடுகள் சபையின் உதவியுடன் அதற்கான ஆயத்த வேலைகள் நடந்தன. 2015 இல் உருவான பாரிஸ் ஒப்பந்தம், காடுகளைக் காப்பதையும் பெருக்குவதையும் நாடுகளின் பொறுப்பாக வைத்தது. 2021 இல் இலங்கை சமர்ப்பித்த திட்டத்தில், 2030 ஆம் ஆண்டளவில் நாட்டின் காட்டுப் பரப்பை 32 வீதமாக உயர்த்துவதாகவும், 2050 இல் காபன் சமநிலையை அடைவதாகவும் வாக்குறுதி தரப்பட்டது.

கொள்கை 'நடுதல்' என்பதிலிருந்து 'காத்தல்' என்பதற்கு மெல்ல நகர்ந்திருக்கிறது. எமது கரையோரத்தில் பழக்கம் இன்னும் நகரவில்லை.

நட்டது எவ்வளவு, நின்றது எவ்வளவு?

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரையெங்கும் கண்டல் நடப்பட்டது. பதாகை கட்டி, படம் பிடித்து, கன்று நட்டுப் போனவர்கள் பலர். ருகுண பல்கலைக்கழக ஆய்வாளரும் பெல்ஜிய நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவ்விடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தனர். 2017 இல் வெளியான அவர்களது ஆய்வின் முடிவு எம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே வெற்றி. 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றுதான்: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு.

காரணங்கள் எளியவை. எமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம் கூட இல்லை. ஆகவே கண்டல் வாழக்கூடிய கரை மிக ஒடுங்கியது. சற்றுத் தாழ்வாக நட்டால் கன்று மூழ்கிச் சாகும். சற்று மேடாக நட்டால் கோடையில் கருகும். நடுவது இலகு என்பதற்காக நீண்ட காய் காய்க்கும் கண்டலையே எங்கும் நட்டார்கள். அந்த இடத்துக்கு உரியது எது என்று பார்க்கவில்லை. நட்ட பின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேலி போட ஆளில்லை. பின்பராமரிப்பு இருந்த இடங்களில் மரம் பிழைத்ததையும் அதே ஆய்வு காட்டியது.

இன்னொன்றும் உண்டு. சேற்று வெளியில் கண்டல் இல்லை என்பதால் அது வெறும் நிலம் ஆகிவிடாது. அங்கே பூநாரையும் உள்ளானும் இரை தேடுகின்றன. பெண்கள் மட்டி பொறுக்குகிறார்கள். ஆழமில்லாத நீரில் உள்ள கடற்புல்லும் காபனைச் சேமிக்கிறது. அதன்மேல் கண்டல் நடுவது ஒன்றைக் கெடுத்து இன்னொன்றை வைப்பதாகும்.

எமது கரையில் இன்று

2025 செப்டம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எமது இளைஞருக்கு விளையாட்டு வசதி வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. அதேவேளை, அது சதுப்பும் கண்டலும் பறவைகளும் உள்ள கரை என்று சூழல் அமைப்புக்கள் கவலை தெரிவித்தன. மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2024 இல் அதில் 168 ஹெக்டயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க வர்த்தமானி வந்தது. வழக்குத் தொடரப்பட்டு, உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நட்டு வளர்ப்பதற்கு இருபது ஆண்டு வேண்டும். இழப்பதற்கு ஒரு கடதாசி போதும்.

காபன் வரவை விற்றுப் பணம் பெறலாம் என்று சொல்லி எமது கிராமங்களுக்கும் யாராவது வரக்கூடும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தக் காடு உண்மையில் அழியும் ஆபத்தில் இருந்ததா, அல்லது எப்படியும் நின்றிருக்குமா? இங்கே வெட்டுவதை நிறுத்தி வேறு கரையில் வெட்டுகிறார்களா? முப்பது ஆண்டுக்குப் பின்னும் இது நிற்கும் என்பதற்கு யார் பொறுப்பு? அதன் பின் நாலாவது கேள்வி: பணம் யாருக்கு? கண்டல் நிலம் பெரும்பாலும் அரச நிலம். சிறகுவலை போட்டும் நண்டு பிடித்தும் அதை நம்பி வாழ்பவர்களின் பெயர் எந்த உறுதியிலும் இல்லை. அவர்களை வெளியே தள்ளும் பாதுகாப்பு நிலைக்காது. காவல் செய்ய வேறு யாரும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. முதலில் நிற்பதைக் காப்போம். எமது பகுதியில் உள்ள கண்டல் நிலத்தை கடற்றொழிலாளர் சங்கமும் பாடசாலையும் சேர்ந்து வரைபடத்தில் குறித்து, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி கொடுத்து வைப்போம்.

2. நீரோட்டத்தைத் திறப்போம். வீதியும் அணையும் தடுத்த வாய்க்காலைச் சீர்செய்தால், விதை தானே வந்து முளைக்கும் இடங்கள் உண்டு. தானே முளைத்த கன்று நட்டதை விட உறுதியானது.

3. நடுவதானால், பக்கத்தில் இயற்கையாக எது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து அதையே நடுவோம். வேலியும் மூன்று ஆண்டுப் பராமரிப்பும் இல்லாவிட்டால் நடாமல் இருப்பது நல்லது.

4. விறகுக்கு மாற்று வைப்போம். பனை மட்டையும் பன்னாடையும் குறைந்த விறகில் எரியும் அடுப்பும் கிராமத்தில் இருந்தால் கண்டலில் கத்தி வைக்கத் தேவை குறையும்.

கலந்துரையாடுவதற்கு

எமது கிராமத்துக் கரையில் முப்பது ஆண்டுக்கு முன் கண்டல் எதுவரை நின்றது? முதியோரிடம் கேட்டு வாருங்கள்.

அது போன இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? இறாலும் நண்டும் கூடினவா, குறைந்தனவா?

எமது ஊரில் நட்ட கன்றுகளில் இன்று எத்தனை நிற்கின்றன? எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை எழுதி வைத்து அடுத்த ஆண்டும் எண்ணுங்கள். காட்டு ஆய்வின் முதற் பாடம் அதுவே.