சூட்டுக்குத் தப்பியதை நம்பு

லேக் மார்க்கெட், கொல்கத்தா

அன்புள்ள வித்யாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஒளியிழையில் நீ பொறித்த, ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் கிரேட்டிங்கை உலையில் வைத்ததும் அதன் பிரதிபலிப்பு குறைந்துகொண்டே போகிறது, உழைப்பெல்லாம் வீணா என்று கேட்டிருந்தாய். வீணில்லை.

சூடு கிரேட்டிங்கில் இரண்டு வேலைகள் செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. முதலாவது, அந்த அலைநீளத்தை நகர்த்துவது. சூடேறினால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கூடும், இழையும் சற்றே நீளும். இதில் ஒளிவிலகலின் பங்குதான் பெரிது. 1550 நானோமீட்டர் பக்கம் டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். ஆறினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதை வைத்துத்தான் வெப்பத்தை அளக்கிறோம்.

இரண்டாவது, அழிப்பது. புற ஊதா ஒளி கண்ணாடிக்குள் உண்டாக்கிய மாற்றங்களில் சில உறுதியானவை, சில நோஞ்சான்கள். நோஞ்சான்கள் கொஞ்சச் சூட்டிலேயே கலைந்துவிடும், போனது திரும்பாது. 1994இல் பெல் ஆய்வகத்தில் எர்டோகனும் சகாக்களும் இதை அளந்தார்கள். தேய்வு தொடக்கத்தில் வேகமாக இருக்கிறது, போகப்போக மந்தமாகிறது. அப்படியென்றால் வழி எளிது. கிரேட்டிங் எந்தச் சூட்டில் வேலை செய்யப்போகிறதோ, அதற்கும் மேலான சூட்டில் முன்பே வைத்துப் பதப்படுத்திவிடு, அதாவது அனீல் செய்துவிடு. புதுத் தோசைக்கல்லைப் பழக்காமல் யார் விருந்துக்கு அடுப்பேற்றுகிறார்கள்?

இங்கிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ஜாதவ்பூர். 1950இல் தொடங்கிய மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அப்போது அதன் விஞ்ஞானியாக இருந்த சோம்நாத் பந்தோபாத்யாய், சிட்னியின் ஜான் கானிங் குழுவோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வை அவசியம் படி. ஹைட்ரஜன் ஏற்றிய இழையில் கிரேட்டிங் பொறித்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றினார்கள். 900 டிகிரி பக்கம் போனதும் அது அழிந்தது. உலையை அணைக்காமல் காத்திருந்தபோது, அதே இடத்தில் புதிதாக ஒன்று எழுந்தது. முன்னதைவிடப் பலவீனமானதுதான். ஆனால் அத்தகைய கிரேட்டிங் 1295 டிகிரி வரை ஏற்றி இறக்கியும் தாங்கியது. சாதாரண கிரேட்டிங் அங்கே பெயருக்குக்கூட மிஞ்சாது.

இன்னும் சில விஷயங்கள். இழுவிசையும் அலைநீளத்தை நகர்த்தும். ஒரு டிகிரிச் சூடு சுமார் எட்டு மைக்ரோஸ்ட்ரெயின் நீட்சி போலவே தோற்றம் தரும். கிரேட்டிங்கைப் பாலத்தில் ஒட்டினால் மதிய வெயிலையே லாரிச் சுமை என்று எழுதிவிடுவாய். ஆகவே சூட்டின் பங்கைக் கழிக்க, பக்கத்திலேயே இழுபடாத கிரேட்டிங் ஒன்றையும் வை. இழையின் மேலுள்ள சாதாரண அக்ரிலேட் பூச்சு அதிகச் சூடு தாங்காது என்பதை மறக்காதே. அதிகச் சூடு கண்ட இழை எளிதில் ஒடியும், கையாளும்போது பதற்றம் கூடாது.

உன் வயதில் உச்சிப் பிரதிபலிப்பைப் பார்த்துப் பூரிப்பது இயல்பு. களத்தில் அந்த எண்ணை யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த ஆண்டும் அளவு சரியாக இருக்குமா என்றுதான் கேட்பார்கள். அடுத்த கடிதத்தில் எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் வைத்தாய், அதன்பிறகு மாறாமல் நின்றது எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா