ஒரு சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? மின்சாரக் கார் வாங்குவோருக்கு ஒரு கணக்குப் பாடம்

"ஃபுல் சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?" மின்சாரக் கார் பார்க்க ஷோரூமுக்குப் போகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதிலாக ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை நம்பி வண்டி எடுத்தவர் நாலு மாதம் கழித்து, "சொன்னதுல பாதிதான் வருது" என்று அலுத்துக்கொள்வதையும் கேட்டிருப்பீர்கள்.

பத்மநாபபுரம், தக்கலை பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பெரிய வைத்தியம் என்றால் இங்குள்ள பல குடும்பங்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் போகின்றன. ஆர்.சி.சி., ஸ்ரீசித்ரா, மெடிக்கல் காலேஜ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. போக வர சுமார் 120 கிலோமீட்டர். சிகிச்சை முடிந்து களைத்துப்போன அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துத் திரும்பும்போது, களியக்காவிளையில் நின்று சார்ஜருக்கு அலைய முடியாது. அதனால் வண்டி வாங்கும் முன்பே இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது?

சின்னக் கார் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் டாடா டியாகோ மின்சாரக் கார் அறிமுகமானது. அதில் இரண்டு பேட்டரி அளவுகள்: 19.2 கிலோவாட் மணி, 24 கிலோவாட் மணி. அறிவிக்கப்பட்ட தூரம் முறையே 250 கி.மீ., 315 கி.மீ.

இந்த எண்கள் கற்பனை இல்லை. இந்திய ஓட்டச் சுழற்சி என்ற சோதனை முறையில் அளந்து, சான்றிதழ் பெற்ற எண்கள்தான். ஆனால் அந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, சக்கரங்களை மட்டும் சுழல விடுவார்கள். ஏ.சி. ஓடாது. நகர ஓட்டம் என்ற முதல் பகுதியில் வேகம் மணிக்கு 50 கி.மீட்டரைத் தாண்டாது. ஊருக்கு வெளியே ஓட்டுவது போன்ற இரண்டாம் பகுதியில் 90 வரை போகும்.

முன்பெல்லாம் நகரப் பகுதியின் எண்ணை மட்டுமே பெரிதாகப் போட்டு வந்தார்கள். 2024-க்குப் பிறகு இரண்டு பகுதிகளையும் சேர்த்த எண்ணையும் நிறுவனங்கள் சொல்லத் தொடங்கின. அப்படிச் சேர்த்ததும் 24 கிலோவாட் மணி டியாகோவின் எண் 300-க்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே விளம்பரம் பார்க்கும்போது, "இது நகர எண்ணா, ரெண்டும் சேர்ந்ததா?" என்று கேளுங்கள்.

இந்த வித்தியாசம் ஒருமுறை அரசு நடவடிக்கை வரைக்கும் போயிருக்கிறது. நெக்ஸான் மின்சாரக் காருக்கு 312 கி.மீ. என்று சான்று இருந்தது. தனக்கு 200 கி.மீ. கூடக் கிடைக்கவில்லை என்று டெல்லியில் ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தார். 2021 மார்ச்சில் டெல்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தை நிறுத்தி வைத்தது. சான்று முறைப்படி பெற்றது, கிடைக்கும் தூரம் ஏ.சி. பயன்பாட்டையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்தது என்று நிறுவனம் பதில் சொன்னது. பிறகு டெல்லி உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவுக்குத் தடை விதித்தது. சோதனை எண்ணையும் சாலை எண்ணையும் ஒன்றாக நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

பேட்டரியை யூனிட்டில் எண்ணுங்கள்

கிலோவாட் மணி என்று சொன்னால் சிலருக்குப் புரியாமல் போகலாம். நம்ம வீட்டு ஈ.பி. மீட்டரில் ஓடும் 'யூனிட்' இருக்கிறதே, அதுதான் இது. 24 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 24 யூனிட் கரண்ட் பிடிக்கும் தொட்டி.

இனி கணக்கு எளிது. 100 கி.மீ. ஓட 12 யூனிட் செலவானால் 24 யூனிட்டுக்கு 200 கி.மீ. 14 யூனிட் செலவானால் 171 கி.மீ. காரின் திரையில் இந்தச் செலவு காட்டப்படும். வாங்கும் முன் குத்துமதிப்பாகத் தெரிய வேண்டுமானால், விளம்பர எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 315-க்கு 210 வரும். அதை 100 சதவீதத்தால் வகுத்தால், ஒரு சதவீத சார்ஜுக்கு 2.1 கி.மீ.

இந்தப் பாடத்தில் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய எண் இதுதான்: உங்கள் காரில், உங்கள் சாலையில், ஒரு சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

'இன்னும் இவ்வளவு கி.மீ. ஓடும்' என்று திரையில் வருகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பல கார்களில் அது, நீங்கள் கொஞ்ச நேரம் முன்பு ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. ஊருக்குள் மெதுவாக ஓட்டிவிட்டு நான்குவழிச் சாலையில் ஏறினால், பத்து கி.மீ. போவதற்குள் பதினைந்து, இருபது குறையும். சதவீதத்தைப் பாருங்கள்.

நம்ம சாலைகள் என்ன செய்யும்?

வேகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். 60-ல் போகிற கார் 90-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்கு. பெட்ரோல் காருக்கு ஊருக்குள் மைலேஜ் குறையும், மின்சாரக் காருக்கு நெடுஞ்சாலையில் குறையும். பழைய பழக்கத்தில் இதை மாற்றி நினைத்துவிடாதீர்கள்.

நெரிசல்: தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் நின்றால் மோட்டார் கரண்ட் எடுக்காது. ஏ.சி. மட்டும் எடுக்கும். அது ஒரு கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்துக்கு அரை யூனிட். 24 யூனிட் தொட்டியில் இது சுமார் 2 சதவீதம். ஆகவே டிராஃபிக்கில் மாட்டினால் பயப்பட வேண்டாம்.

காற்று: ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவக்காலத்தில் காற்று அந்த வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாயும். ஆடி மாதம் திருநெல்வேலி போகும்போது அது நம் முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போகும்போது ஆன செலவை வைத்து வரும்போதும் அதே போதும் என்று எண்ணக் கூடாது.

ஏற்றம்: நாலு பேர் ஏறிய சின்னக் கார் சுமார் 1,500 கிலோ. அதை 100 மீட்டர் உயரம் ஏற்ற 0.4 யூனிட் வேண்டும். கொடைக்கானல் போல 2,000 மீட்டர் ஏறினால் ஏற்றத்துக்கு மட்டுமே 8 யூனிட், அதாவது தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு. இறங்கும்போது ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும். முழுதும் வராது.

குளிர்: வெளிநாட்டு வீடியோக்களில் பனியில் தூரம் வெகுவாகக் குறைவதைக் காட்டுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கவலை இல்லை.

மூன்று பயணம், மூன்று கணக்கு

பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டக் கூடாது. 15 சதவீதத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது அவசரத்துக்கு.

முதல் பயணம், தினசரி வேலைக்கு நாகர்கோவில். போக வர 35 கி.மீ. என்று கொள்வோம். 2.1-ஆல் வகுத்தால் 17 சதவீதம். 80 சதவீதத்தில் தொடங்கினால் மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

இரண்டாவது, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி. 120-ஐ 2.1-ஆல் வகுத்தால் 57 சதவீதம். 80-ல் கிளம்பினால் 23 மிஞ்சும். ஆனால் மழை, முழு ஏ.சி., வண்டி நிறைய ஆள் என்று சதவீதத்துக்கு 1.8 கி.மீ.தான் கிடைத்தால் செலவு 67. மிஞ்சுவது 13, அவசர இருப்புக்கும் கீழே. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகிற முந்தைய இரவு மட்டும் 100 வரை ஏற்றிவிடுங்கள். 33 சதவீதத்தோடு நிம்மதியாக வீடு வந்து சேரலாம். 19.2 யூனிட் பேட்டரி என்றால் சதவீதத்துக்கு 1.67 கி.மீ.தான். முழு சார்ஜில் கிளம்பினால் சாதாரண நாளில் 28 சதவீதம் மிஞ்சும்.

மூன்றாவது, ஆடி மாதத்தில் திருநெல்வேலி. ஒரு வழி சுமார் 95 கி.மீ. போகும்போது 1.8 என்றால் 53 சதவீதம். எதிர்க்காற்றில் திரும்பும்போது 1.5 என்றால் 63. மொத்தம் 116. ஒரே சார்ஜில் முடியாது. 100-ல் கிளம்பி 47-ல் போய்ச் சேர்வீர்கள். அங்கே வேகச் சார்ஜரில் 80 வரை ஏற்றிக்கொண்டால் திரும்பலாம். இந்த ரகக் காருக்கு அது ஏறக்குறைய அரை மணி நேர வேலை. சாப்பிடும் நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த 2.1, 1.8, 1.5 எல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். கிளம்பும்போதும் சேர்ந்தபோதும் சதவீதத்தையும் ஓடோமீட்டரையும் போனில் படம் எடுங்கள். ஓடிய தூரத்தைக் குறைந்த சதவீதத்தால் வகுத்து, நோட்ஸில் எழுதி வையுங்கள். நகரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. இரண்டு வாரத்தில் உங்கள் கையில் ஒரு நம்பகமான பட்டியல் இருக்கும்.

வீட்டுச் சார்ஜும் போனில் கிடைக்கும் சேவைகளும்

இருக்கிற வீட்டு மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 24 யூனிட் பேட்டரி நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். அதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கையும் எர்த்தையும் சரிபாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். உங்கள் இணைப்பின் மின்பளு போதுமா, கூட்ட வேண்டுமா என்பதை மின்வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னகம் உதவி எண் 94987 94987, எந்த நேரமும் பேசலாம்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் பேட்டரிக்கு 120 யூனிட். சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 140 வரை ஓடும். இரண்டு மாதத்துக்கு 280. இப்போது வரும் பில்லோடு இதைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறும்.

வெளியூரில் சார்ஜர் தேட, எரிசக்தித் திறன் செயலகத்தின் 'ஈ.வி. யாத்ரா' செயலி இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வரைபடத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் காரின் பிளக் பொருந்துமா என்று பாருங்கள், முடிந்தால் போன் செய்து வேலை செய்கிறதா என்று கேளுங்கள், பக்கத்தில் இன்னொரு சார்ஜரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டும் முன்

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டத்தோடு முடிக்காதீர்கள். ஏ.சி. போட்டு, வீட்டு ஆட்களை ஏற்றி, குறைந்தது 20 கி.மீ. ஓட்டக் கேளுங்கள். ஒரு சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அங்கேயே வகுத்துப் பாருங்கள்.

பேட்டரி உத்தரவாதத்தையும் படியுங்கள். 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பது பரவலாக உள்ளது. கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் உத்தரவாதம் பொருந்தும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். வருடம் போகப் போகத் தொட்டி கொஞ்சம் சுருங்கும். இன்று திருவனந்தபுரம் போய்வர இழுத்துப்பிடித்துத்தான் போதும் என்கிற வண்டி, சில வருடம் கழித்துப் போதாமல் போகலாம். அப்படியானால் இப்போதே ஒரு படி பெரிய பேட்டரியைப் பாருங்கள்.

வாய்மொழியாக ஒன்று சொல்லி, கையில் வேறொன்று தந்தால், விளம்பரத்தையும் ரசீதையும் உங்கள் போன் படங்களையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தேதியோடும் கி.மீட்டரோடும் எடுத்த படங்கள் இருந்தால் உங்கள் புகாருக்கு வலு கூடும்.