மழைக்கு முன் முற்றம் பேணுவோம்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே பலரும் நினைவுகூர்வர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையும் கூறுகின்றன. நீரையும் நிலத்தையும் பேணுதலை ஊர்ப் பொறுப்பாகக் கொண்ட ஊர் நம்முடையது. வீட்டைச் சூழ்ந்த நிலமோ நம் ஒவ்வொருவரின் பொறுப்பு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கான ஆயத்தம் புரட்டாசியிலேயே முடிந்திருத்தல் நலம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, கலங்களின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மழைநீர் தொட்டவுடன் பொரிந்து, ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகும். ஆகவே நீரைக் கொட்டிவிடுதல் மட்டும் போதாது. தொட்டி, டிரம், பூச்சட்டியின் அடித்தட்டு ஆகியவற்றின் உட்புறத்தை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, நீர் சேமிக்கும் கலங்களைத் துணியால் இறுகக் கட்டி மூடுவோம். பழைய டயர், கொட்டாங்குச்சி, உடைந்த குடம் ஆகியவற்றை அகற்றுவோம். பயன்படாத உரலைக் கவிழ்த்து வைப்போம்.

அடுத்தது கொல்லைப்புறம். விறகும் வைக்கோலும் சுவரை ஒட்டி இருந்தால் எலிகள் தங்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அவற்றை வீட்டிலிருந்து தள்ளி அடுக்கி, புதரை வெட்டி, தானியத்தை மூடி வைப்போம். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் நுழையும். அதன் கடி வலியின்றியும் இருக்கலாம். தரையில் உறங்காமல் கட்டிலில் கொசுவலையைச் செருகி உறங்குதல் இருவகையிலும் காக்கும். கடிபட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மருத்துவமனைகள் அரசுக்கு அறிவிக்க வேண்டியவற்றுள் பாம்புக்கடியைத் தமிழ்நாடு அரசு 2024இல் சேர்த்திருப்பது அதன் கடுமையை உணர்த்தும்.

முற்றத்தில் நீர் தேங்காதவாறு வாய்க்கால் வெட்டுவோம். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு புண் வழியாகவும் எலிக்காய்ச்சலைத் தரும். நீரிழிவு உடையோர்க்குக் கால் உணர்வு குறைந்திருக்கலாம். முள் தைத்ததும் தெரியாது. அவர்கள் வெறுங்காலுடன் முற்றத்தில் இறங்கலாகாது. இரவுதோறும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைப் பார்த்தல் வேண்டும். முதியோர்க்கு இயலாதெனில் வீட்டார் பார்ப்பாராக.

முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியும். மழைக்கு முன்பே கழித்துவிடுவோம். மின்கம்பியைத் தொடும் கிளையை நாமே வெட்டாமல் மின்வாரியத்திற்குத் தெரிவிப்போம்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வந்தால், கடையில் வலிமாத்திரை வாங்கி உண்ணாமல் மருத்துவரை அணுகுங்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தானது. அப்போது கடும் வயிற்றுவலி, தொடர்வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் குருதிக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், விடியும்வரை காத்திராமல் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.