சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் நிதி திரட்டும் நடையும்

நோயுற்றோர் பொருட்டுப் பலர் ஒன்றுகூடி நடந்து நிதி சேர்க்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கென்றே அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. அந்நோய்க்கு ஆளான ஒருவரும் அவர் மனைவியாரும் அதனைத் தொடங்கினர். ஆண்டுதோறும் மே மாதத்தை அந்நோய் பற்றிய அறிவைப் பரப்பும் மாதமாகக் கொண்டு, அச்சங்கத்தார் பல நகரங்களில் நடைகள் நடத்துகின்றனர். இச்செய்தியால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து நெசவாளிக்கு ஆவதென்ன என்று அங்கத்தினர்கள் வினவலாம். அதற்கு விடை நமது சாயத் தொட்டியில் இருக்கிறது.

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரென் என்பவர், ஒரே வகைச் சிவப்புச் சாயம் செய்யும் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதைக் கண்டு வெளியிட்டார். பென்சிடின், பீட்டா நாப்தைலமின் முதலிய பொருள்களே குற்றவாளிகள் என்பது பின்னர் உறுதியாயிற்று. அவை மூச்சின் வழியும் தோலின் வழியும் உடலுட் புகுந்து, சிறுநீரோடு வெளியேறும் முன் நீர்ப்பையில் தங்கி, அதன் உட்சுவரைக் கெடுக்கின்றன. நம் நாட்டில் 1990-களில் இத்தகைய 112 சாயங்களுக்கு அரசாங்கம் தடை விதித்தது. எனினும் இந்நோய் வெளிப்படப் பதினைந்து, இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்வதுண்டு. தடைக்கு முன்னர் வெறுங்கையால் சிட்டம் நனைத்த சாயக்காரர் இன்று முதியவர். அவரே முதலில் கவனிக்கத் தக்கவர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சாயமேறி உலர்ந்த நூலைத் தறியில் நெய்பவர் இதைப் படித்து அஞ்ச வேண்டுவதில்லை. ஆபத்து, சாயப் பொடியை நிறுத்துக் கரைப்பவர்க்கே மிகுதி. மேலும், உலகில் இந்நோய்க்குத் தலையாய காரணம் புகையே. பீடி குடிக்கும் விவசாயி சாயப் பட்டறையின் வாயிலை மிதியாதவராயினும் இந்நோயினின்று தப்பியவரல்லர்.

நோயின் முதற்குறி, வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் காண்பது. வலியில்லை என்பதே இதிலுள்ள வஞ்சனை. நம்மவர் இதனைச் 'சூடு' என்று தீர்மானித்து இளநீரும் மோரும் அருந்துவர். இரண்டு நாளில் இரத்தம் நின்றுவிடும். இளநீர் குணப்படுத்தியது என்ற நம்பிக்கை பிறக்கும். உண்மையில் இரத்தம் தானே நின்று, மாதங்கள் கழித்து மீண்டும் தோன்றும் இயல்புடையது. அதற்குள் கட்டி தசையில் ஆழ வேரூன்றிவிடலாம். பெண்கள் இதனை மாதவிடாய்க் கோளாறு என்று எண்ணி மறைப்பதும் உண்டு. ஒருமுறை கண்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை. கண்டவையெல்லாம் புற்றும் அல்ல. கல்லாகவும் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அதனைப் பரிசோதனையே கூற வேண்டும்.

தொடக்கத்தில் கண்டால், வயிற்றைக் கிழியாமல் சிறுநீர்த் துவாரத்தின் வழியே கருவி செலுத்திக் கட்டியை அகற்றலாம். காசநோய்த் தடுப்புக்காக நம் குழந்தைகளுக்கு ஊசியால் இடப்படும் பி.சி.ஜி. மருந்தையே சிலருக்கு நீர்ப்பைக்குள் செலுத்துவர். கனடா நாட்டு மருத்துவர் ஒருவர் 1976-இல் இதன் பயனை வெளியிட்டார். ஆனால் இந்நோய் திரும்பத் திரும்ப முளைப்பது. ஆதலால் தொடக்க ஆண்டுகளில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை உள்நோக்கிப் பார்க்கச் செல்ல நேரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், பேருந்துக் கட்டணத்தையும் உடன் செல்பவரின் கூலி இழப்பையும் யார் தாங்குவது? நோயாளிகள் பரிசோதனையைத் தவறவிடுவது இங்கேதான். நடையில் சேரும் பணத்திற்குரிய இடமும் இதுவே என்பது நமது கருத்து.

நடப்பது நமக்குப் புதிதன்று. சேலத்தில் வழக்கறிஞராயிருந்து நகரசபைத் தலைமையும் வகித்த இராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்குத் தொண்டர்களுடன் நடந்தே சென்றார். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியார் காவடியேந்திப் பழனிக்கு நடப்பதை அறியாதார் இலர். எலும்புப் புற்றால் ஒரு காலை இழந்த டெர்ரி பாக்ஸ் என்னும் கனடா இளைஞர், 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலிற் பரவியதால் நின்றார். தம் நாட்டார் தலைக்கு ஒரு டாலர் தர வேண்டுமென்பது அவர் வேண்டுகோள்; மறு ஆண்டு அவர் மறைவதற்குள்ளாகவே அத்தொகை சேர்ந்துவிட்டது. அவர் பெயரிலான ஓட்டம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்துள்ளது.

செவ்வாய்ப்பேட்டையில் நமது சங்கங்கள் இவ்வாறு ஒரு நடை நடத்தினால் கணக்கு எவ்வாறிருக்கும்? 200 பேர் தலைக்கு 50 ரூபாய் தந்தால் 10,000 ரூபாய். எல்லாருக்கும் 150 ரூபாயில் பனியன் அச்சிட்டால் செலவு 30,000. நடந்ததன் பயன் கடன்! (கைத்தறி நெசவாளர் கூட்டத்திற்கு மில் பனியன் எதற்கு என்பது வேறு கேள்வி.) பனியனை விலக்கினால், ஒரு முறை சென்று வர 1,000 ரூபாய் எனக் கொண்டு, பத்துப் பரிசோதனைப் பயணங்களுக்கு அத்தொகை போதும்.

வசூலைச் சங்கத்தின் ரொக்கத்தோடு கலத்தலாகாது. தனி வங்கிக் கணக்கு, எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், இருவர் கையொப்பம் ஆகியவை வேண்டும். நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில், நல்லெண்ணத்தோடு வாங்கிய நன்கொடைக்கு ரசீதின்றி, நேர்மையான காரியதரிசியே தலைகுனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நடை முடிந்த ஒரு மாதத்துள் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். உதவி பெற்றவர் பெயரை மட்டும் ஒட்டலாகாது; தொகையும் தேதியும் போதும். நீர்ப்பை நோயென்று தெருவறியச் சொல்லப்படும் என்றால், வேண்டியவர் கேட்கவே வரமாட்டார்.

நடக்கும் நாளிற் பேச்சாளர் பலர் வேண்டுவதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரக அறுவைப் பிரிவிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்துக் கால்மணி நேரம் பேசச் செய்தால் போதும். நடைக்கு வர இயலாதவர் சாயப் பட்டறையில் இருப்பர். சிறுநீரில் இரத்தம் கண்டால் என்ன செய்வது என்பதை நான்கு வரியில் அச்சிட்டு, கூலி வழங்கும் நாளில் அங்கே படித்துக் காட்ட வேண்டும். சாயம் வாங்கும்போது தடை செய்யப்பட்ட வகையன்று என்று பட்டியலில் எழுதி வாங்குவதும், ரப்பர்க் கையுறையைச் சங்கமே வாங்கித் தருவதும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானிக்கக் கூடியவை.