செல்வமும் மகிழ்ச்சியும்

நாட்டின் செல்வம் பெருகினால் மக்களின் மகிழ்ச்சியும் பெருகுமா? விடை காண, நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பகுதியில் வாழும் தாயகம் திரும்பிய தமிழர்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

இவர்களும் இவர்தம் முன்னோரும் இலங்கை மலையகத்தில் தேயிலை வளர்த்தனர். அந்நாட்டுக்கு அந்நியச் செலாவணியைப் பெருமளவில் ஈட்டித் தந்தது அத்தேயிலையே. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. நாட்டின் கணக்கில் செல்வம் ஏறியது. அதை விளைவித்தவர் வீட்டில் அச்சம் குடிபுகுந்தது. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாட்டின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தோருக்கு வேலையளிக்க 1968இல் வனத்துறை தொடங்கிய தோட்டங்களே, 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றன. பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பகுதிகளில் பலர் குடியமர்ந்தனர்.

இங்கு அவர்களுக்குக் கூலியும் குடியுரிமையும் கிடைத்தன. எனினும் தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது; வேலை முடிந்தபின் எங்கே குடியிருப்பது என்னும் கவலை முதியோருக்கு உண்டு.

அறிஞர்களும் இவ்வினாவை ஆராய்ந்துள்ளனர். ஒரே நாட்டில் செல்வர் வறியவரினும் மகிழ்ச்சியாக இருப்பினும், நாட்டு வருமானம் வளர்ந்த அளவுக்கு மக்களின் மகிழ்ச்சி வளரவில்லை என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ஈஸ்டர்லின் 1974இல் எழுதினார். 2008இல் ஸ்டீவன்சன், வுல்ஃபர்ஸ் ஆகிய இருவர் இதை மறுத்து, வளமிக்க நாடுகளில் மனநிறைவும் மிகுதி என்றனர். ஆயினும் செல்வம் ஒன்றே அளவுகோல் ஆகாது. 2025ஆம் ஆண்டு உலக மகிழ்ச்சி அறிக்கையில், அமெரிக்காவினும் வருமானம் மிகக் குறைந்த கோஸ்டாரிகா 6ஆம் இடம் பெற்றது. அமெரிக்கா பெற்றதோ 24ஆம் இடம்.

நம் இல்லறத்தாருக்குப் 'பொருள் வரைதல்' ஓர் அணுவிரதம். இதை உள்ளவர்க்கு உரைக்க வேண்டும். உணவும் உறைவிடமும் அற்றவரிடம் 'போதும் என்ற மனம் கொள்க' என்பது அறமாகாது. வரைந்தபின் மிஞ்சும் பொருளுக்கு நால்வகைத் தானம் வழிகாட்டுகிறது: உணவு, மருந்து, கல்வி, அபயம். இவற்றுள் அபயம் என்பது அச்சம் நீக்குதல். முதல் மூன்றையும் பணத்தால் ஓரளவு வாங்கலாம். நான்காவதை நல்ல சட்டமும் அண்டை அயலாரின் பரிவுமே தர இயலும். மலையகத் தமிழர் இழந்தது அதுவே.

சிறுவர்களோடு அமர்ந்து சிந்திக்க இரு வினாக்கள்:

1. நம் இல்லத்திற்குப் போதுமான பொருளின் அளவு யாது?

2. நம்மிடம் பணிபுரிவோரின் எந்த அச்சத்தை நம்மால் நீக்க இயலும்?